பூனையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

"பூனைக்குச் சம்பளத்துக்கு ஆளா?"

கணவர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"கத்தாதீங்க. தூங்குது," என்றாள் மனைவி.

பூனை பீரோவின் மேல் சுருண்டு கிடந்தது. மழைக்கு ஒதுங்க வந்தது. மழை விட்ட பிறகும் போகவில்லை. இனாமாக வந்ததுதானே என்று அவரும் விட்டுவிட்டார்.

மோட்டார் கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர் அவர். ஒரு திருகாணி வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலை கேட்பார். இனாமாக வந்த பூனைக்குத் தீனி, மணல், தடுப்பூசி என்று வரிசையாகச் செலவு வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டார். இப்போது ஆள் வேறு!

"நீதான் நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கியே?"

"எனக்கு அதோட விளையாட வரலைங்க. கீழ் வீட்டுத் தையல்காரம்மாகிட்ட நல்லா ஒட்டிக்கிச்சு. மத்தியானம் ஒரு மணி நேரம் வந்து பார்த்துப்பாங்க."

"பூனை அது பாட்டுக்கு இருக்கும். அதுக்குத் துணை எதுக்கு? தாலாட்டுப் பாடவா?"

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "அவங்க வேலை பார்த்த கம்பெனியை மூடிட்டாங்க. சும்மா கொடுத்தா கையால தொட மாட்டாங்க. இப்படிக் கொடுத்தா வாங்கிப்பாங்க."

அவர் டீயை மறுபடி எடுத்துக்கொண்டார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

அவர் கெட்டவர் இல்லை. அன்று ஆபீசில் ஸ்டோர் கீப்பரிடம் இதைப் பெருமையாகவே சொன்னார். ஆனாலும் ஒரு விஷயம் அவரைக் குடைந்தது. ஒரு பூனையை ஒரு மணி நேரம் எப்படிப் பார்த்துக்கொள்வது? அதில் என்ன வேலை இருக்கிறது?

"என்னைக் கேட்காதீங்க சார்," என்றார் ஸ்டோர் கீப்பர். "எங்க வீட்டுல பூனைதான் என்னை வேலைக்கு வச்சிருக்கு."

ஒரு நாள் வெளிவேலை சீக்கிரம் முடிந்தது. மத்தியானமே வீட்டுக்கு வந்தார்.

பூனை பீரோவின் மேல் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையில் தையல்காரம்மா கையை வீசி வீசி ஏதோ சொல்ல, மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

"வரேன்க்கா," என்று தையல்காரம்மா நழுவினாள்.

"பூனையைப் பார்த்துக்கறதுன்னா இதுதானா?"

"தூங்கறப்ப எழுப்பக் கூடாதுங்க," என்றாள் மனைவி.

போகட்டும், வேலை இல்லாதவள்தானே என்று விட்டார்.

ஆனால், ஒருநாள் விடிகாலையில் பால் வாங்கப் போனபோது தெருமுனையில் ஒரு வேன் நின்றது. ரெடிமேட் கம்பெனி வேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தையல்காரம்மா அதில் ஏறினாள்.

பால்காரரைக் கேட்டார்.

"அவங்களா? ரெண்டு மாசமாப் போறாங்களே. காலை ஷிப்ட். ரெண்டு மணிக்கெல்லாம் திரும்பிடுவாங்க."

அவருக்குச் சுருக்கென்றது. வேலை போச்சு, கொடுத்தோம். சரி. வேலை கிடைத்த பிறகும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டிருந்தால் அதற்கு என்ன பெயர்?

மனைவியிடம் சொன்னால் உருகிவிடுவாள். தானே முடித்துவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஏம்மா, புது வேலை எப்படிப் போகுது?"

தையல்காரம்மாவின் முகம் மாறியது. "தெரிஞ்சிடுச்சா சார்?"

"இனிமே நீங்க மேல வர வேண்டாம். பூனையை நாங்களே பார்த்துக்கறோம்."

அவள் உள்ளே போய், தையல் மெஷின் டிராயரைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட சில கவர்களை எடுத்து வந்தாள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"வேலையில சேர்ந்ததிலிருந்து அக்கா வாரா வாரம் கொடுத்தது. அப்படியே இருக்கு. அவங்களுக்குத் தெரியாம வச்சிடுங்க சார்."

அவர் கவர்களை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். திட்ட வந்த வாய் இப்போது விசாரித்தது.

"அப்புறம் எதுக்கும்மா வாங்கினீங்க?"

"வேண்டாம்னு சொன்னேன் சார். அப்ப வரமாட்டீங்களான்னு அக்கா பதறிட்டாங்க. காசை வாங்கிக்கிட்டாத்தான் நாளைக்கும் வருவேன்னு அவங்களுக்கு நம்பிக்கை."

"நின்னுடறேன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. 'பூனை உங்களைத் தேடும்'னாங்க. ரெண்டு நாள் பார்க்காம இருந்தா எல்லாம் பழகிடும்னு நானும் வரலை. மூணாம் நாள் மனசு கேக்கலை, போய் எட்டிப் பார்த்தேன். பூனை கிண்ணத்தை நக்கித் துடைச்சிட்டு, காலை நீட்டித் தூங்கிட்டிருந்துச்சு."

அவருக்குத் தெம்பு திரும்பியது.

"அதைத்தானே நான் முதல்லேர்ந்து சொல்றேன்! ஆள் இல்லேன்னாலும் பூனை ஒழுங்காச் சாப்பிடும்."

"பூனை சாப்பிட்டுச்சு சார்," என்றாள் தையல்காரம்மா. "அக்காதான் அந்த ரெண்டு நாளும் சாப்பிடலை."