அவரவர் தேவசித்தம்

மூன்று ஆண்டுகளாக அந்தத் திருச்சபையில் ஒருவர்கூடப் பாவம் செய்யவில்லை. திருமண்டல நிர்வாகம் ஆளுக்கொரு ஆலோசகர் கருவியைக் காதில் மாட்டிவிட்டதிலிருந்து, எதைக் கேட்டாலும் அவரவர் மனசாட்சிக்குத் தோதான பதில் வசனத்தோடு வந்துவிடுகிறது. போதகர் நவமணிக்கும் நிம்மதி.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆல்வினும் அவன் அக்கா ஹெப்சியும் அவரிடம் வந்தார்கள். நடக்க முடியாத அப்பாவை இனி யார் வைத்துக்கொள்வது என்று சண்டை. அப்பா முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"அக்காதான் பாக்கணும்னு எனக்குத் தெளிவா வந்துட்டுய்யா."

"எனக்கு நீ பாக்கணும்னுலா வந்துச்சு! உன் காதுல விழுறது மட்டுந்தான் தேவசித்தமோ?"

"எலேய் ஆல்வின், என்னைக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போயேன்" என்றார் அப்பா.

"இருங்கப்பா, உங்க விஷயந்தான் பேசுதோம்."

"ரெண்டு பேருக்கும் வந்தது சத்தியந்தான்" என்றார் போதகர்.

"அப்போ நீங்க வச்சுக்கிடுங்க. உங்க பங்களாவுல நாலு ரூம் சும்மாதான கெடக்கு?" என்றாள் ஹெப்சி.

போதகர் கண்ணை மூடித் தம் கருவியிடம் கேட்டார். ஊழியக்காரன் பிறர் குடும்பப் பாரத்தில் சிக்கக் கூடாது என்று அவருக்கும் தெளிவாகவே வந்தது.

மூவர்மேலும் குற்றமில்லை. நீண்ட ஸ்தோத்திர ஜெபம் செய்து, ஆமென் சொல்லிக் கண் திறந்தார்கள்.

முன்பெஞ்சுக்கு அடியில் தரை நனைந்திருந்தது.