வீட்டில் ஓய்வு

உங்களுக்கு ஒரு புதிர். குழாயில் தண்ணீர் உறைந்துபோகும் குளிர். வீங்கிய முட்டி, ஓரடி எடுத்து வைத்தாலே உயிர் போகிறது. அவள் எந்தப் போட்டிக்கும் பேர் கொடுக்கவில்லை. இளைப்பதற்கு உடம்பில் சதையும் இல்லை. ஆனாலும் விடியுமுன் எழுந்து, நாள் தவறாமல் ஓடுகிறாள். ஏன்?

முட்டி டாக்டருக்கு விடை தெரிந்திருந்தது. அவரைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் ஓட்டக்காரர்கள். கால் தேய்ந்தாலும் ஷூவைக் கழற்ற மனசு வராதவர்கள்.

"பைத்தியம்," என்றார், கட்டிலில் படுத்திருந்தவளின் முட்டியை அழுத்தியபடி. "ஓட்டப் பைத்தியம். எனக்கும் ஒரு காலத்துல இருந்தது."

அவள் தையல் கடையில் வேலை செய்பவள். பக்கத்து நாற்காலியில், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஓடக் கூடாதுன்னு போன தடவையே சொன்னேனா இல்லையா?"

"மெதுவாத்தான் சார் ஓடறேன்."

"மெதுவா ஓடின லட்சணமா இது? தினமும் எவ்வளவு தூரம்?"

"தெரியல சார்."

"சரி, எவ்வளவு நேரம்?"

"அது... ஒவ்வொரு நாள் ஒவ்வொரு மாதிரி."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. ஓடுகிறவர்களிடம் தூரத்தைக் கேட்டால் மடை திறந்த மாதிரி பேசுவார்கள். கேட்காவிட்டாலும் பேசுவார்கள். இவள் மழுப்புகிறாள் என்றால், சொல்ல முடியாத அளவுக்கு ஓடுகிறாள் என்று அர்த்தம்.

"பிள்ளையையும் இழுத்துக்கிட்டுப் போறீங்களாமே?"

"அவளுக்கும் பிடிக்கும் சார்."

"பிடிக்குமா?" என்று சிறுமியைக் கேட்டார்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

"மூஞ்சியைப் பார்த்தா பிடிச்ச மாதிரி தெரியலையே. நாய்கூடச் சுருண்டு படுத்துக் கிடக்கு இந்தக் குளிர்ல. பெத்த தாய்தானே நீங்க?"

அவள் மகளின் கோட்டுக் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஒரே மருந்துதான். வீட்டுல ஓய்வு. வேலைக்குப் போங்க, வாங்க. ஓட்டம் மட்டும் ஒரு மாசத்துக்குக் கூடாது."

"விடியற்காலைல மட்டும் நடக்கட்டுமா சார்? சும்மா, தெருவோரமா?"

"பேரம் பேசாதீங்க. நான் என்ன காய்கறிக் கடையா வெச்சிருக்கேன்?"

சிறுமியின் பக்கம் குனிந்தார். "இன்னையிலேர்ந்து நீதான் போலீஸ். அம்மாவோட ஷூவை எடுத்து, அவங்க கண்ணுல படாம ஒளிச்சு வெச்சிடணும். கெஞ்சினாலும் குடுக்கக் கூடாது. சரியா?"

"ஒளிச்சு வெச்சா அம்மாவுக்கு வலிக்காதா?"

"வலிக்கவே வலிக்காது. நான் பொறுப்பு."

சிறுமி ரொம்ப நேரம் யோசித்தாள். அப்புறம், "சரி," என்றாள்.

அடுத்த முறை மகளோடு வந்தபோது வீக்கம் நன்றாக வடிந்திருந்தது. டாக்டருக்கு வாயெல்லாம் பல்.

"நான் சொல்லிக் கேக்கலை. போலீஸ் வந்ததும் கேட்டீங்க பாருங்க."

அவள் சிரிக்கவில்லை. கோட்டை ஒற்றைக் கையால் கழற்றத் திணறிக்கொண்டிருந்தாள். இன்னொரு கை நெஞ்சோடு ஒட்டியே இருந்தது.

"கையில என்ன?"

"குளியலறையில வழுக்கிடுச்சு சார்."

"வெளியில போனா முட்டி, வீட்டுல இருந்தா கை. நல்ல ஆளும்மா நீங்க. காட்டுங்க."

முழுக்கைச் சட்டையை மேலே சுருட்டினார். அவர் கை நின்றது.

வழுக்கி விழுந்த கைகளை எத்தனையோ பார்த்தவர் அவர். விழுந்தவர்களுக்கு உள்ளங்கை சிராய்த்திருக்கும். இந்த உள்ளங்கையில் ஒரு கீறல் இல்லை. மணிக்கட்டுக்கு மேலே, பிடித்து முறுக்கிய விரல்களின் தடங்கள் வரிசையாக நீலம் பாரித்துக் கிடந்தன. கட்டை விரலின் தடம் எதிர்ப்பக்கம்.

"தையல் வேலை?" என்று மட்டும் கேட்டார்.

"ஊசி பிடிக்க முடியல சார்."

"ஷூவை நான்தான் ஒளிச்சு வெச்சேன்," என்றாள் சிறுமி.

டாக்டர் திரும்பினார்.

"அப்பா ராத்திரி வேலை முடிச்சு, குடிச்சுட்டு விடியற நேரத்துக்கு வருவாரு. அவரு தூங்கற வரைக்கும்தான் நாங்க ஓடுவோம். அம்மா ஷூவைத் தேடினாங்க. கெஞ்சினாங்க. நீங்க சொன்னீங்களேன்னு நான் குடுக்கலை."

"சும்மா இருடி," என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை.

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "எங்கயாவது போய் உட்கார்ந்திருக்கலாமே. ஏன் இந்தக் காலோட ஓடணும்?"

"அந்த நேரத்துல எது சார் திறந்திருக்கும்? வெளியில உட்கார்ந்தா விறைச்சுப் போயிடுவோம். ஓடினா கொஞ்சம் சூடா இருக்கும்."

டாக்டர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"இதுக்குன்னு உதவி எண் இருக்கு. சொன்னா ஆள் வருவாங்க. கூப்பிடவா?"

"வேண்டாம் சார். அப்புறம் அந்த வீடும் இல்லாம போயிடும். குளிர்காலம் முடியட்டும். எப்படியாவது ஓட்டிடுவோம்."

கேட்டாகிவிட்டது. அவளே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். டாக்டருக்கு, சொல்ல வெட்கம், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கட்டுப் போடத் துணிச்சுருளை எடுக்கப் போனார்.

சிறுமி நாற்காலியிலிருந்து இறங்கினாள். போனை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.