முழங்கால் சொன்ன மழை

விடியும்போதே சுடலைமணிக்கு முழங்கால் குத்தியது. செங்கல் சுமக்கையில் சாரத்திலிருந்து விழுந்து ஒடிந்த கால். மழை வருவதை முன்கூட்டியே சொல்லிவிடும். மழைக்கு முந்திய புழுக்கத்தில் விரால் நன்றாக இரை எடுக்கும் என்று, வேலைக்குப் போகாமல் தூண்டிலோடு குளத்துக்குப் போனான். விழுந்த அன்று அவனுக்கு ரத்தம் கொடுத்த சித்தாள் ஆவுடை, இப்போது வயிற்று ஆபரேஷன் முடிந்து, புண் ஆற ஒரு விரால் கேட்டிருந்தாள். மழை வரும், விராலோடு வருகிறேன் என்று போகிற வழியில் அவளிடம் சொல்லியிருந்தான்.

வானம் வெளிறியே கிடந்தது. முள்ளில் கோத்த தவளையை எதுவும் தொடவில்லை. சாயங்காலம் வெறுங்கையோடு அவள் வாசலில் நின்றான்.

“மழ எங்கண்ணே?”

“முட்டு வலிச்சுதே.”

“நேத்து எத்தன மாடிக்குக் கல்லு சொமந்தீய?”

“நாலு.”

“அப்ப அது மழ வலி இல்ல, செங்க வலி.”

சிரித்ததில் தையல் இழுக்க, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவளுக்குத் தர வேண்டிய விரால் இன்னும் பாக்கி.