அறுபத்தொன்றாவது செம்பேன்

கணினித் திரையில் இரண்டு புள்ளிக் கூட்டங்கள், தொட்டுக்கொள்ளாத இரண்டு மேகங்களாக மிதந்தன. ருக்ஸானா கன்னத்தில் கைவைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜவுளிக்கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்த கணவன் முதஸ்ஸிர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஐயம்பேட்டை மல்லித் தோட்டத்துச் செம்பேன் பூச்சிங்க, புள்ளிக்கு ஒண்ணு. பாக்க எல்லாம் ஒண்ணுபோலதான் இருக்குது. கால் நீளத்தை அளந்து கணக்கு போட்டா ரெண்டு இனமா பிரியுது. நெட்டைக்கால் இனத்துக்கு இதுவரைக்கும் யாரும் பேரே வெக்கலை."

"நீ என்னா வெக்கப்போற?"

"உங்க பேருதான்."

அவன் வெட்கத்தோடு சிரித்தான்.

"சாயங்காலம் என் ஆராய்ச்சி கைடுக்கு அனுப்பணும். ஒண்ணுதான் புரியலை. அறுபதாவது பூச்சி வரைக்கும் எல்லாமே குட்டை. அறுபத்தொண்ணுல இருந்து எல்லாமே நெட்டை."

"ரம்ஜானுக்கு மொத நாள், இடது கையில மருதாணியோட அளந்துக்கினே தூங்கிட்டியே. எழுப்பாம மிச்சத்தை நான்தான் அளந்து வெச்சேன்."

"தூக்கக் கலக்கத்துல நானே முடிச்சேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." மவுஸை அவனிடம் நகர்த்தினாள். "ஒண்ணு அளந்து காட்டுங்க."

நுண்ணோக்கியில் எடுத்த படத்தில், பூச்சியின் கால் தொடங்கும் இடத்தில் அவன் ஒரு புள்ளி வைத்தான். நுனியைத் தாண்டி, சற்றுத் தள்ளி இன்னொன்று வைத்தான்.

"ஏன் தாண்டிப் போறீங்க?"

"ஜாக்கெட் துணி அளந்தா ஒரு விரல் கூட விட்டுதானே வெட்டுவோம்? பூச்சிதானேன்னு கம்மியா அளக்க மனசு வரலை."

ருக்ஸானா நெட்டைக்கால் மேகத்தை மறுபடி திரைக்குக் கொண்டுவந்தாள்.

"அப்ப என் பேரு?" என்றான் அவன்.

"பேரு பொருத்தம்தாங்க. அந்த இனம் பூரா உங்க கைவேலைதான்."