காதில் சொல்ல வேண்டிய பெயர்

மகளுக்குப் பெயர் வைக்கும் நாள் காலையில், செந்தூரன் தன் கணினியிலிருந்து ‘களம்’ விளையாட்டுத் தளத்தை நீக்கினான். அவன் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடும்போது, வெளியிலிருந்து யார் என்ன கேட்டாலும் அவன் குரலிலேயே பதில் சொல்லி அனுப்பும் தளம் அது.

“உங்களுக்காகப் பேசிய பேச்செல்லாம் அழிந்துவிடும். ஒருமுறை கேட்கிறீர்களா?” என்றது திரை.

‘வேண்டாம்’ என்று அழுத்தினான். இனி நல்ல அப்பாவாக இருக்கப்போகிறோம் என்று அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். மனைவி மேகலா குழந்தையை அவன் மடியில் வைத்தாள்.

“அன்னிக்குக் கதவுக்குள்ள இருந்தே ஒரு பேரு சொன்னீங்களே, கேட்டு அழுதுட்டனுங்க. இன்னும் யாருகிட்டயும் சொல்லல. நீங்களே மொதல்ல சொல்லுங்க.”

அவன் எந்தப் பெயரும் சொன்னதில்லை.

குழந்தையின் காதில் அப்பா மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். குனிந்தான். மூன்று முறையும், “மன்னிச்சுக்கோ கண்ணு” என்றான்.

நிமிர்ந்ததும் மாமியார் சிரித்தார். “எங்களுக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க மாப்பிள்ளை.”