தீராத பழுது

ஒரகடத்தில் சாப்பாட்டு மணி அடித்தது. நடுக்கடலில் ஜாஸ்மினுக்கு வாயில் எச்சில் ஊறியது.

சாட்டிலைட் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் எடுத்த யாரோ, “சசி, உன் கடல்காரி” என்று கூவிவிட்டு, ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கேன்டீன் பக்கத்திலேயே போலும். தட்டுகள் மோதின. நாற்காலிகள் இழுபட்டன. ரசத்தில் உப்பில்லை என்று ஒருவர் சண்டைக்கு நின்றார்.

கிளம்பியதிலிருந்து இதைவிட நல்ல பாட்டை அவள் கேட்டதில்லை.

ஜாஸ்மின் மண்ணூர்க்காரி. சென்னையிலிருந்து தனியாளாக ஆப்பிரிக்கக் கரைவரை போகக் கிளம்பியவள். டீசல் ஒரு சொட்டும் கிடையாத படகு. காற்றடித்தால் பாய், வெயிலடித்தால் சோலார். இரண்டும் இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

விடிந்ததும் சோலார் பலகைகளில் படிந்த உப்பைத் துடைப்பாள். வெயில் அடுப்பில் அரிசியை ஏற்றிவிட்டு, ஊறப்போட்ட பச்சைப்பயறு முளை விட்டதா என்று பார்ப்பாள். குளியலும் கடல்தண்ணீர், பாத்திரம் கழுவுவதும் கடல்தண்ணீர். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள். கடலிலேயே மிதக்கிறவளுக்குக் குடிதண்ணீர் மட்டும் டம்ளர் கணக்கு. பிஸ்கட் உறைகூடக் கடலுக்குள் போகாது, மூட்டைக்குள்தான் போகும். தூக்கம் என்பது கோழித்தூக்கம். கப்பல் ஏதும் குறுக்கே வருகிறதா என்று அடிக்கொருதரம் எழுந்து பார்த்தாக வேண்டும்.

வேலைக்குக் குறைவில்லை. பேசத்தான் ஆளில்லை.

பயறிடம் பேசிப் பார்த்தாள். அது பொறுமையாகத்தான் கேட்டது. ‘உம்’ கொட்டத்தான் அதற்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வாரம் ஒருமுறைதான் பேசலாம். பழுது என்றால் மட்டும் மெஷின் கம்பெனிக்கு எப்போது வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். பயணத்துக்கு உதவியவர்கள் போட்ட விதி அது.

கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக மாற்றும் சோலார் மெஷின் ஒரகடத்தில் செய்தது. கரை கண்ணுக்கு மறைந்த கொஞ்ச நாளில் அது கடகடவென்று அலறத் தொடங்கியது. அது நின்றால் ஆள் அவ்வளவுதான். உடனே கம்பெனியைக் கூப்பிட்டாள். சர்வீஸில் புதிதாகச் சேர்ந்த சசிரேகா எடுத்தாள்.

“பயப்படாதீங்கக்கா. அடியில ஒரு நட்டு லூசா கீதா பாருங்க.”

லூசாகத்தான் இருந்தது. இறுக்கினாள். சத்தம் அன்றே நின்றுவிட்டது.

அதை ஜாஸ்மின் சொல்லவில்லை.

மறுநாள் கூப்பிட்டு, இன்னும் லேசாகக் கேட்கிறது என்றாள். அதற்கு மறுநாளும் அதையே சொன்னாள். சசிரேகாவும் சளைக்கவில்லை. வடிகட்டியைக் கழுவச் சொல்வாள், குழாயைச் சரிபார்க்கச் சொல்வாள். சொல்லி முடித்தால் பேச்சு தானாகச் சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவுக்குத் தாவிவிடும். அதில் எத்தனை பேரைத் திணித்தான், யார் மடியில் யார் உட்கார்ந்தார்கள், ஹாஸ்டலில் கூடத் தங்கியிருக்கும் ரத்னா விடும் குறட்டை எந்தச் சுதி. அப்படி இடித்துக்கொண்டு உட்கார நான்கு மனுஷர்கள் இருப்பதை நினைத்தாலே ஜாஸ்மினுக்குப் பொறாமையாக இருக்கும்.

அந்தப் பேச்சு மட்டும் இல்லையென்றால் அவள் எப்போதோ படகைத் திருப்பியிருப்பாள். யார் பெற்ற பிள்ளையோ, மகராசியாக இருக்கட்டும் என்று தினமும் ஜெபத்தில் சசிரேகாவின் பெயரையும் சேர்த்துக்கொள்வாள்.

நேற்றுப் பேசும்போது சசிரேகாவுக்குப் பின்னாலிருந்து சூப்பர்வைசர் முனிரத்தினத்தின் குரல் கேட்டது.

“இன்னாமா, அந்தப் படகு கம்ப்ளைண்ட்ட இன்னும் இழுத்துகினு கீற? நாளிக்குள்ள க்ளோஸ் பண்ணு. இல்லன்னா பர்மனன்ட் லிஸ்ட்ல உன் பேர் வராது.”

ஜாஸ்மினுக்குச் சுருக்கென்றது. அவளும் ஒரு காலத்தில் ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனி பஸ் ஏறிய கான்ட்ராக்ட் ஆள்தான். பர்மனன்ட் என்ற ஒரு வார்த்தையில் எத்தனை பேருடைய கல்யாணமும் வீட்டு வாடகையும் தொங்கிக்கொண்டிருக்கும் என்று அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தன் வாய்க்குத் துணை தேடி அந்தப் பெண்ணின் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

ரிசீவரை யாரோ எடுக்கும் சத்தம் கேட்டது. “சொல்லுங்கக்கா” என்றாள் சசிரேகா.

ஜாஸ்மின் அவளை மேலே பேச விடவில்லை. விட்டால் மனசு மாறிவிடும்.

“சசி, மெஷின் சரியாயிடுச்சும்மா. சுத்தமா சத்தமே இல்ல. கம்ப்ளைண்ட்ட க்ளோஸ் பண்ணிடு. நீ நல்லா இருக்கணும் கண்ணு.”

ரசத்துக்குச் சண்டை போட்டவர் இப்போது அப்பளம் கேட்டுக்கொண்டிருந்தார்.

போனை வைக்க மனம் வராமல் ஜாஸ்மின் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். ஆப்பிரிக்கா இன்னும் எட்டாத தூரத்தில் இருந்தது. இனி வாரம் ஒருநாள் அம்மா, மற்ற நாளெல்லாம் பயறு. பரவாயில்லை, இதுவரை கிடைத்ததே பெரிய புண்ணியம்.

“இல்லக்கா,” என்றாள் சசிரேகா மெதுவாக. “எனக்கு இன்னும் அந்தச் சத்தம் கேக்குதே. லிஸ்ட்டு அடுத்த தபாவும் வரும். நீங்க நாளிக்கும் இதே நேரத்துக்குப் போடுங்க, பாத்துக்கலாம்.”

ஜாஸ்மின் திரும்பி மெஷினைப் பார்த்தாள்.

வானம் மூட்டமாக இருந்ததால் காலையிலிருந்து அதை அவள் போடவே இல்லை.