மயில் ஓட்டிய படகு

இதை எனக்கு முதலில் சொன்னவர், இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குச் சென்று திரும்பிய புவியியல் ஆசிரியை எஸ்தர் மங்களம்.

அங்கே ஒரு கால்வாயில் மூன்று நாள் உல்லாசப் பயணத்துக்காக, மயில் ஒன்று ஒடுங்கிய நீண்ட படகை வாடகைக்கு எடுத்தது. சேதமானால் கழித்துக்கொள்ள முன்பணமாகக் கட்டிய இருநூறு பவுண்டு, கூட வந்த மனைவி பெண்மயிலின் சேமிப்பு.

“நீரை வடித்துப் படகைக் கீழ்மட்டத்துக்கு இறக்கும் தொட்டியில் கயிற்றைக் கட்டிவிடாதீர்கள் ஐயா. கையில் பிடித்துத் தளர்த்திக்கொண்டே இருங்கள்” என்றது உரிமையாளரான நீர்நாய்.

“பேராறுகளையே பார்த்தவன் நான். இந்த வாய்க்காலுக்கு எனக்குப் பாடமா?” என்றது மயில்.

தொட்டிக்குள் நுழைந்ததும் மயில் கயிற்றைக் கரைக்கம்பத்தில் இறுக முடிந்துவிட்டு, பெண்மயில் கைபேசியில் எடுக்கும் படத்துக்காகத் தோகையை விரித்து நின்றது. நீர் இறங்கியது, படகு இறங்கவில்லை. ஒருபக்கமாகச் சாய்ந்து கயிற்றில் தொங்கியது.

“என்னங்க, தட்டெல்லாம் உருளுது! கயிற்றை அவிழுங்க!”

“கைபேசியை ஆட்டாதேடி. தோகையின் இடப்பக்கம் படத்தில் விழவேண்டும்.”

கயிறு அறுந்தது. படகு தடாலென்று விழ, சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின.

கரையேறிய மயில், “உன் கயிறு மட்டமான சரக்கு” என்று நீர்நாயைக் கடிந்துகொண்டது.

நீர்நாய் முன்பணத்திலிருந்து கண்ணாடிகளின் விலையைக் கழித்தது. கயிற்றின் விலையை மட்டும் கழிக்காமல் விட்டு, மீதியைப் பெண்மயிலிடம் எண்ணிக் கொடுத்தது: ஒன்பது பவுண்டு.